வர்வாராவின் பெயர்நாளுக்கு வந்தவர்கள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், இந்தக் கதை முடிகிறவரை அது நம் முகத்தைப் பார்க்க வேண்டாம். விதின் ஊரில், டான்யூப் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில், வர்வாரா என்று ஒருத்தி இருந்தாள். அவள் பெயர்நாளுக்கு, அதாவது அவள் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, விருந்தாளிகள் வந்த கதையை இன்றைக்குச் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகாதீர்கள். இந்தக் கதையைப் பாதியில் விட்டுத் தனியாக இருட்டில் நடப்பது நல்லதல்ல.

நவம்பர் முடிந்து குளிர் இறுகத் தொடங்கிய ஒரு சாயங்காலம். திரைச்சீலைக் கடையில் வேலை முடிந்து, ஒரு கையில் முட்டைக்கோஸும் இன்னொரு கையில் ரொட்டியுமாக வர்வாரா நாலாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. படிக்கட்டெங்கும் யார் வீட்டிலோ மிளகாய் வாட்டிய நெடியும், ஈரக் கம்பளி வாசனையும், கதவிடுக்கு வழியே மூடுபனி கொண்டுவந்து போட்ட ஆற்றுச் சேற்றின் வாசனையும் கலந்து கிடந்தன. எதிர்வீட்டு கெர்கினா குப்பைப் பையோடு வெளியே வந்தவள், இவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடியே வர்வாரா! எங்க ஆந்த்ரேய் பெயர்நாளுக்கு நீ பேசி அனுப்பின வாழ்த்தக் கேட்டு மனுசன் அழுதே போயிட்டாரு. இத்தன வருசமா பொண்டாட்டியா இருக்கேன், எனக்காக ஒரு சொட்டு விட்டதில்ல!"

"நான் பேசி அனுப்பினதா?"

"பின்ன யாரு, பிஷப்பா? இந்தா, நீயே கேளு."

கெர்கினா போனை நீட்டினாள். படிக்கட்டில் வர்வாராவின் குரல் கேட்டது. சந்தேகமே இல்லை, அவள் குரல்தான். நீளமாகப் பேசப் போகும்போது தொண்டையைச் செருமிக்கொள்வது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவது, எல்லாம் அவளேதான். ஆந்த்ரேயின் முழங்கால் வலியை விசாரித்தது. அவருடைய செத்துப்போன நாயின் பெயரைச் சொல்லி வருத்தப்பட்டது. குரலுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம், காற்றில் ஜன்னல் கண்ணாடி அதிரும் சத்தம். அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு பெண் தனக்குத்தானே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சொற்களில் ஒன்றைக்கூட வர்வாரா பேசவில்லை.

"பின்னாடி பாடுறது யாரு?" என்றாள் கெர்கினா.

"டிவி."

"நல்ல டிவிதான். பாதிப் பாட்டுல நிறுத்தித் தும்முது பாரு."

கெர்கினா சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். வர்வாரா கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றாள். படிக்கட்டு விளக்கு, கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாகவே அணைகிற ஜாதி. டிக் என்று அணைந்தது.

முனகியது யாரென்று அவளுக்குத் தெரியும். அவள் தங்கை நெவெனா. நெவெனா இந்த வீட்டில் இருப்பது வர்வாராவைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது.

காரணம் நெவெனாவின் புருஷன் ஸ்டாமென். அவனிடமிருந்து அவள் ஓடி வந்தது இது மூன்றாம் தடவை. முதல் தடவை சிநேகிதி வீட்டில் கண்டுபிடித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனான். இரண்டாம் தடவை தோள் எலும்பை உடைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே, "அடுத்த தடவை அடிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காளுக்கும் தங்கைக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தடவை அவள் ஓடிவந்ததும் அவன் முதலில் தேடி வந்தது இந்த வீட்டைத்தான். அலமாரியெல்லாம் திறந்து பார்த்துவிட்டுப் போனான். அதுவரை ஒரு மடத்துக் கன்னிமாரிடம் தங்கியிருந்த நெவெனாவை வர்வாரா அதன் பிறகுதான் அழைத்துவந்தாள். தேடிப் பார்த்த இடத்தில் மறுபடியும் தேட மாட்டான் என்பது அவள் நினைப்பு. நடைவழிக் கோடியில் இருக்கும் சின்ன அறையில், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெவெனா இருந்தாள். வர்வாராவின் குரலைக் கேட்டால் மட்டும்தான் தாழ்ப்பாளை நீக்குவாள். போன் கிடையாது. சமூக வலைத்தளத்தில் இருந்த தன் பெயர், படம், பேச்சு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அப்படியானால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

நம் பக்கத்தில் பிறந்தநாளை மறந்தால் மன்னித்துவிடுவார்கள், பெயர்நாளை மறந்தால் மன்னிக்க மாட்டார்கள். அக்டோபரில் பெட்கோவ் நாளன்று சித்தி மகள் பெட்கானாவை வாழ்த்த வர்வாரா மறந்துபோனாள். பெட்கானா பேச்சை நிறுத்திவிட்டாள். பாதிச் சொந்தம் ஜெர்மனியில், மீதி ஸ்பெயினில். எல்லோரும் போனுக்குள்தான் குடியிருக்கிறார்கள், யாருக்கு எந்தப் புனிதர் என்று எத்தனைதான் நினைவில் வைப்பது? கடையில் கூட வேலை செய்கிறவள் ஒரு செயலியைக் காட்டினாள். 'பெயர்நாள் மணி' என்று பெயர். வலைத்தளக் கணக்கோடு சேர்த்துவிட்டால் போதும், யாருக்கு என்றைக்கு என்று அதுவே பார்த்து, நம்மைப் போலவே வாழ்த்தி அனுப்பிவிடும். காசு கிடையாது.

அடுப்பில் உருளைக்கிழங்கு பொரிந்துகொண்டிருந்தபோது வர்வாரா அதைத் திறந்தாள். உங்கள் நண்பர்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. உங்களைப் போலவே எழுத உங்கள் செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது. படங்களைப் பார்க்கலாமா, குரலைக் கேட்கலாமா என்று கேட்டது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பச்சைப் பொத்தான். கிழங்கு கருகுகிற வாசனை வந்தது. எண்ணெய் விரலால் எல்லாவற்றையும் அழுத்திவிட்டு அடுப்புக்கு ஓடினாள். நாமெல்லோரும் அப்படித்தானே அழுத்துகிறோம்.

படிக்கட்டில் அந்தக் குரலைக் கேட்ட அன்று சாயங்காலம் அவள் இதையெல்லாம் தங்கையிடம் சொன்னபோது, நெவெனா கட்டிலில் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுபோயிற்று.

"எதுக்கெல்லாம் சரின்னு சொன்னே?"

"எல்லாரும் சொல்றதுக்குத்தான். நண்பர்கள், படம், மெசேஜ்..."

"மெசேஜா? அவன் என்னை என்ன பண்ணினான்னு ராத்திரி ராத்திரி உனக்கு எழுதினேனே, அதெல்லாமா?"

வர்வாரா தங்கை மடியிலிருந்த பீன்ஸ் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

"என்னை நானே துடைச்சுப் போட்டுட்டு வந்தேன் அக்கா. உன்கிட்ட இருந்த என்னைத் துடைக்கணும்னு எனக்குத் தோணலை பாரு."

"தெரியாமப் பண்ணிட்டேன்டி."

"உன்னோடத நீ குடுத்தே, சரி. என்னோடதையும் சேத்துக் குடுக்க உன்கிட்ட யாரு சொன்னா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் வர்வாராவைச் சுட்டது. உடனே போனை எடுத்துச் செயலியை நீக்கினாள். திரையில் ஒரு வரி வந்தது: 'உங்களைப் பிரிவதில் வருத்தம். ஏற்கெனவே நீங்கள் தந்தவை எங்களிடம் பத்திரமாக இருக்கும்.' பிறகு அந்த வரியும் மறைந்தது. போன் மட்டும் நெடுநேரம் சூடாகவே இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்துவிட்டுக் கொடுத்ததுபோல.

அதற்குப் பிறகும் வாழ்த்துகள் போய்க்கொண்டிருந்தன. யார் யாரோ நன்றி சொன்னார்கள். போனை அணைத்து மேசை இழுப்பறையில் போட்டாள். இரவில் இழுப்பறைக்குள் ஏதோ முனகுவதாகத் தோன்றியது, தேன் குப்பியில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி. எழுந்து போய்க் காதை வைத்துக் கேட்டால் ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து படுத்தால் மறுபடி கேட்கும். அணைத்து வைத்த போன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடப்பாள்.

டிசம்பர் நாலாம் தேதி, புனித வர்வாராவின் நாள். மத்தியானம் கடைத் தொலைபேசியில் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. பெட்கானா.

"நூறு வருசம் இருக்கணும்டி வர்வாரா! உன் போன் ஏன் அணைஞ்சே கெடக்கு? நேத்து ராத்திரி அவ்ளோ நேரம் பேசினியே, என் மனசுல இருந்த கல்லெல்லாம் எறங்கிடுச்சு."

நேற்று ராத்திரி வர்வாரா யாரோடும் பேசவில்லை.

"என்ன பேசினேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

"குடிச்சிருந்தியா என்ன? நெவெனா எங்கேன்னு கேட்டேன், என் பக்கத்து ரூம்லதான் தூங்குறாள்னு சொன்னியே. நான் மூச்சு விட மாட்டேன், பயப்படாதே. ஆனா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதடி, அந்த மிருகத்துக்குக் காது பெருசு."

வர்வாரா ரிசீவரை வைத்தாள். வீட்டுக்கு ஓடினாள். ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி பஸ் நிலையத்தை முழுங்கியிருந்தது, ஒரு பஸ்ஸும் கிளம்பவில்லை. எதிர்வீட்டு ஆந்த்ரேயிடம், எதற்கென்று சொல்லாமல், விடிந்ததும் காரில் பாலத்தைத் தாண்டி அக்கரையில் விட வேண்டும் என்று கேட்டாள். அவரும் எதற்கென்று கேட்காமல் சரி என்றார். ஆக, தாண்ட வேண்டியது ஒரே ஒரு ராத்திரி.

"இன்னிக்குக் கதவத் தெறக்காதே அக்கா," என்றாள் நெவெனா.

"என் பெயர்நாள்டி இன்னிக்கு. கதவு சாத்தியிருந்தா எனக்கு என்னமோ ஆச்சுன்னு கட்டடமே வந்து தட்டும். தீயணைப்பு வண்டிய வேற கூப்பிடுவாங்க, அந்தக் கீழ்வீட்டு ட்சான்கோ மாமா கூப்பிடுவாரு. சீக்கிரம் வருவாங்க, சீக்கிரம் அனுப்பிடுறேன். நீ தாழ்ப்பாளப் போட்டுக்கோ."

பெயர்நாளுக்கு நாம் யாரையும் கூப்பிடுவதில்லை. நினைவிருக்கிறவர்கள் தாமாக வருவார்கள். வருகிறவர்கள் யாரானாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும், முகம் சுளித்துத் திருப்பி அனுப்பிய வீட்டுக்குப் பழி வந்து சேரும். வர்வாராவின் அம்மா அப்படித்தான் வளர்த்திருந்தாள். விரத காலம், மாமிசம் கிடையாது. பீன்ஸ் வேகவைத்தாள், முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டி சர்மி அடுக்கினாள். பெரியம்மை நோயைக் கொண்டுவரும் கிழவி கோபித்துக்கொள்ளாமல் தாண்டிப் போகட்டும் என்று இந்த நாளில் சுடுகிற சின்ன ரொட்டிகளில் தேன் தடவி வைத்தாள். மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, ஜன்னல் மூலையில் பெயர்நாள்காரியின் நாற்காலியைத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

நாலரைக்கே இருட்டிவிட்டது. கெர்கினாவும் ஆந்த்ரேயும் வந்தார்கள். கீழ்வீட்டு ட்சான்கோ மாமா தான் காய்ச்சிய ராக்கியாச் சாராயத்தோடு வந்தார்.

"உன் பீன்ஸ சாப்பிடத்தான் இந்த வருசமும் சாகாம இருந்தேன்," என்றார் அவர்.

"போன வருசமும் இதையேதான் சொன்னீரு," என்றாள் கெர்கினா. "சாகாம இருக்கக் காரணம் தேடுறீரு."

சிரித்தார்கள். வர்வாராவும் சிரித்தாள். சிரிக்கும்போதே ஒரு காது நடைவழியில் இருந்தது. விடிகாலையில் வண்டி எடுக்க வேண்டுமே என்று ஆந்த்ரேய் எழுந்தார், அவரோடு எல்லோரும் எழுந்தார்கள். படிக்கட்டில் ட்சான்கோ மாமாவின் கைத்தடி ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு இறங்கியது. கதவுகள் சாத்தப்பட்டன. விளக்கு டிக் என்று அணைந்தது. வர்வாரா மூச்சை விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது, இனி கதவைப் பூட்டிவிடலாம் என்று எழுந்தாள்.

கதவுக்கு வெளியே யாரோ காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மணி அடிக்கவில்லை. படி ஏறும் சத்தமும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்க்கிற சரசரப்பு, குதிகால் நழுவுகிற சத்தம், காலணியைச் சுவரோரம் ஒழுங்காக வைக்கிற சத்தம் மட்டும்தான். பழகிய வீட்டுக்கு வந்தவர்கள்போல அவசரமே இல்லாமல். வர்வாரா கதவை அடைவதற்குள் அது திறந்தது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். தலை வாரிய விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. வெளியே மூடுபனி சொட்டிக்கொண்டிருந்தது, அவள் கோட்டில் ஒரு துளி ஈரமில்லை.

"பெயர்நாள் வாழ்த்துகள் வர்வாரா. கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி."

"நான்... நான் யாரையும் கூப்பிடலையே."

அந்தப் பெண் அன்பாகச் சிரித்து, வெள்ளைச் சாமந்திக் கொத்தை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வர்வாராவின் விரல்கள் தாமாகவே பூக்களை எண்ணின. நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது பழக்கம். உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்போம். கொத்தில் இருந்தவை இரட்டைப்படை. இரட்டைப்படை கல்லறைக்கு. வழியில் ஒரு பூ உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். உதிர்ந்திருக்கவில்லை.

வெளியே மறுபடி காலணி கழற்றும் சத்தம்.

ஒரு கணவனும் மனைவியும். ஒரு கிழவர். பள்ளிக்கூட வயதில் ஒரு பெண். ஜெர்மனியில் யாரோ உறவினரின் படத்தில் ஓரமாக நின்ற முகம்போல ஒரு முகம், எந்தப் படம் என்று சொல்ல முடியவில்லை. எல்லோர் கையிலும் வெள்ளைப் பூ. எல்லோரும் கூப்பிட்டதற்கு நன்றி சொன்னார்கள். அறை நிறைந்தது. இத்தனை பேர் குளிரிலிருந்து வந்து நெருங்கி உட்கார்ந்தால் கம்பளியும் வியர்வையும் புகையிலையும் மணக்க வேண்டும். ஒரு வாசனையும் இல்லை. சர்மியின் மணம்கூட எங்கோ போய்விட்டது.

அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் வீட்டில், அவளை. ஜன்னல் மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபுறமும் அவர்கள் நெருங்கினார்கள். முழங்காலோடு முழங்கால்.

"உப்பக் குறைச்சுட்டே போல, நல்லது," என்றார் கிழவர், தட்டைத் தொடாமலே. "டாக்டர் சொன்னாரே."

"விளிம்பு உடைஞ்ச அந்த நீலக் கோப்பை எங்கே?" என்றாள் பள்ளிக்கூடப் பெண். "உன் வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு அதுலதான் டீ குடிச்சே."

"மார்ச் மாசம் தூக்கம் வராம என்னென்னவோ தேடினியே," என்றான் கணவன். மனைவி அவன் கையை அமுக்கினாள், விருந்தில் பேசக் கூடாததைப் பேசிவிட்டான் என்பதுபோல.

யாரும் சாப்பிடவில்லை. முள்கரண்டியை எடுத்தார்கள். வைத்தார்கள். எடுத்தார்கள். வைத்தார்கள். தேன் ரொட்டிகள் அப்படியே இருந்தன.

"நீங்க யாரு?" என்றாள் வர்வாரா.

"உன் நண்பர்கள்," என்றாள் முதலில் வந்தவள். "நண்பர்களோட நண்பர்கள். நீதானே சரின்னே."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

படிக்கட்டு விளக்கு டிக் என்று எரிந்தது. டிக் என்று அணைந்தது.

"இன்னொருத்தி எங்கே?" என்றாள் முதலில் வந்தவள்.

"இங்க நான் மட்டும்தான்."

அந்தப் பெண் தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினாள். நம் பக்கத்தில் அப்படி ஆட்டினால் இல்லை என்று பொருள்.

"அவ புருஷனும் எங்களுக்கு வேண்டியவர்தான்," என்றார் கிழவர். "நல்ல மனுசன். அவரும் எல்லாத்துக்கும் சரின்னாரு."

வர்வாரா எழ முயன்றாள். மேசை வயிற்றில் இடித்தது. அவள் வெளியே வர வேண்டுமானால் வரிசையில் எல்லோரும் எழ வேண்டும். யாரும் எழவில்லை. சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பு நின்றது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

அவள் வாய் மூடித்தான் இருந்தது.

நடைவழியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நெவெனா," என்றது அவள் குரல். "எல்லாரும் போயிட்டாங்கடி. தெற."

வர்வாரா கத்தினாள். "தெறக்காதே! நெவெனா, தெறக்காதே!"

அதே நொடியில் விருந்தாளிகள் பாடத் தொடங்கினார்கள். பெயர்நாள்காரிக்குப் பாடுகிற பல்லாண்டு. அத்தனை வாயும் திறந்தது. கிழவர் வாய். பள்ளிக்கூடப் பெண் வாய். வந்தது ஒரே குரல். அவள் குரல். கடைசிச் சொல்லை விழுங்குகிற அதே குரல், பத்து வாயில், இருபது வாயில். அவள் கத்தியது அதில் ஒரு துளியாக விழுந்து கரைந்தது. மறுபடி கத்தினாள். எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

பாட்டு சட்டென்று தணிந்தது, வர்வாரா கேட்கட்டும் என்பதுபோல.

"என்ன அக்கா, இன்னும் ஒரே பாட்டாக் கேக்குது?"

"டிவிதான்டி. அணைச்சுடலாம். கோட்டப் போட்டுக்கோ, ஆந்த்ரேய் கீழே வண்டியோட நிக்கிறாரு. விடியற வரைக்கும் வேண்டாம்."

"அக்கா." நெவெனாவின் குரல் தயங்கியது. "உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"மூடுபனி. வா."

அறைக் கதவின் இடுக்கில் இரண்டு ஜோடிக் கால்கள் கடந்தன. வாசல். படி. விளக்கு டிக் என்றது. இறங்கும் சத்தம். ஒரு ஜோடியின் சத்தம்தான்.

வர்வாரா திரும்பி ஜன்னலில் முட்டினாள். கொக்கி அசையவில்லை. கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தாள். கீழே, மூடுபனிக்குள் தெருவிளக்கு. அதன் கீழ் ஒரு கார். ஆந்த்ரேயின் கார் அல்ல. பின்கதவு திறந்திருந்தது. ஸ்டியரிங் மேல் ஓர் ஆணின் கை, பொறுமையாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நெவெனா தலையைக் குனிந்து, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளை உள்ளே ஏற்றினாள். கோட்டின் நுனி கதவில் மாட்டாமல் எடுத்துவிட்டாள். கதவைச் சாத்தினாள்.

வர்வாரா கண்ணாடியை அறைந்தாள். கார் நகர்ந்தது. பின்னால் ஒரு வெள்ளைக் கை கண்ணாடியில் ஒட்டியது, திடீரென்று, விரல்கள் விரிந்து. மூடுபனி அதை மூடிக்கொண்டது.

விளக்கின் கீழே நின்றவள் அண்ணாந்து பார்த்தாள்.

வர்வாராவின் முகம். மூன்று கோடைக்கு முன் கருங்கடல் மணலில் எடுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று வலைத்தளத்தில் வைத்த படத்தின் முகம். சுற்றிலும் டிசம்பர் இருட்டு. அந்த முகத்தின் மேல் மட்டும் ஆகஸ்டு மாதத்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலுக்குக் கண்கள் சுருங்கியிருந்தன. எங்கிருந்தோ வந்த கடற்காற்றில் நெற்றி முடி பறந்தது. அதே சிரிப்பு. மாறவே மாறாத சிரிப்பு.

அது கையை அசைத்தது. பிறகு கட்டடத்தின் வாசலை நோக்கி நடந்து வந்தது.

அறைக்குள் விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் நெருங்கி உட்கார்ந்து, இன்னும் ஒருவருக்கு இடம் விட்டார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து போய்ப் படுங்கள், விளக்கு எரியட்டும். உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் பசியோடு வந்து வயிறு நிறைந்து திரும்பட்டும். நம்பி உங்களிடம் சொன்னவர்களின் சொல் உங்களிடமே இருக்கட்டும். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் ஒவ்வொன்றும் மூச்சுள்ள நெஞ்சிலிருந்து வரட்டும். உங்கள் வீடு வெதுவெதுப்பாக, நிறைவாக, நெடுங்காலம் இருக்கட்டும்.